கட்டிக் கிடக்கும் நாய்க்குச் சட்டம் உண்டா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் பக்கத்து பங்களாக்காரர் சேலத்தில் இருக்கிறார். சனி, ஞாயிறுதான் வருவார். அவர் நாய் வாரம் முழுக்க வாசல் தூணிலேயே கட்டிக் கிடக்கிறது, மழையானாலும் பனியானாலும். காவலாளி ஒரு வேளை சோறு வைப்பார். அவிழ்த்துவிடச் சொன்னால், "ஐயா திட்டுவார்" என்கிறார். புகார் கொடுத்தால், நாயை மலைப்பாதையில் இறக்கிவிட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: "நான் அடிக்கவே இல்லையே" என்றுதான் அவர் சொல்வார். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, அடிப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாயை நடக்க, ஓட விடாத சொந்தக்காரரும் அதன்படி குற்றவாளிதான். மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது, போதிய தீனியும் தண்ணீரும் ஒதுங்க இடமும் தராதது எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் பயப்படுகிறீர்களே, பட்டினி கிடக்கும்படி கைவிடுவது, அதுவும் அதே பிரிவில் குற்றம்தான்.

தண்டனையைச் சொல்லத்தான் மனம் கொதிக்கிறது. முதல் முறை என்றால் 10 முதல் 50 ரூபாய் அபராதம்! மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு வாயில்லா ஜீவனின் வேதனைக்கு டீ, வடைக் காசை விலையாக வைத்திருப்பது பெரிய அநியாயம். கொன்றாலோ விஷம் வைத்தாலோ ஊனமாக்கினாலோ கதை வேறு: 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 325-இன்படி ஐந்தாண்டு வரை சிறை.

அதனால் வழக்கை நம்பி இறங்காமல், முதலில் பங்களாக்காரரிடமே நேரில் பேசுங்கள். காவலாளியை நெருக்க வேண்டாம். அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர், பொறுப்பு சொந்தக்காரருடையது. காலையும் மாலையும் காவலாளி நாயை நடத்திக் கூட்டிப்போகட்டும், மழை படாமல் ஒரு கொட்டகை போடட்டும் என்று கேளுங்கள். வேலி அடைத்த இடமென்றால் ராத்திரியில் அவிழ்த்தே விடலாம். அவர் சம்மதித்தால் நடத்திக் கூட்டிப்போவதில் நீங்களும் கை கொடுக்கலாம்.

நீங்களாகப் போய் அவிழ்த்துவிடாதீர்கள். திருட்டுப் புகார் வரலாம். கட்டியே கிடந்த நாய் மிரண்டு கடிக்கலாம், ரோட்டில் பாய்ந்து வண்டியில் அடிபடலாம்.

பேசியும் அசையவில்லையா? உங்கள் பக்கம் நின்றே தேதியோடு படம் எடுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். நாயின் நிறம், அடையாளத்தை மனுவிலேயே எழுதிவிட்டால், பிறகு அது காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் குற்றத்தை விசாரிக்கப் போலீசுக்கு நீதிமன்ற மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். மனுவின் நகலைக் கலெக்டருக்கும் அனுப்புங்கள். மாவட்டந்தோறும் விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001 முதல் விதி; அதற்கும் ஒரு நகல் அனுப்புங்கள். குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும், எனவே தள்ளிப்போடாதீர்கள்.