இரண்டடித் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கலாமா?

கேள்வி: சென்னையில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். கூடத்தில் இரண்டடி நீளமுள்ள மேசை ஒன்று காலியாக இருக்கிறது. அதன்மேல் 18 அங்குலக் கண்ணாடித் தொட்டி வைத்து, மகளின் ஆசைப்படி இரண்டு கோமாளி மீன்களையும் கடல் சாமந்தி என்னும் பூப்போன்ற கடல் உயிரி ஒன்றையும் வளர்க்க நினைக்கிறேன். நன்னீர் மீன்கள் வளர்த்த பழக்கம் உண்டு. பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து தண்ணீர் எடுத்து வரலாமா? ராமேசுவரத்தில் உள்ள உறவினர் பவளக் கல் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். அதைத் தொட்டிக்குள் வைக்கலாமா?

பதில்: கோமாளி மீன்கள் இரண்டைத் தாராளமாக வளர்க்கலாம். கடல் சாமந்தியும் கடற்கரைத் தண்ணீரும் வேண்டாம். பவளக் கல்லைக் கையால் தொடவே வேண்டாம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் தொட்டியின் அளவு. கண்ணாடி இன்னும் வாங்கவில்லை என்றால், 18 அங்குலத்துக்குப் பதிலாக இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்டதாகவே வாங்குங்கள். கணக்கில் அது 56 லிட்டர். கல்லும் மணலும் போட்டு, மேலே விளிம்பும் விட்டால் 45 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கோமாளி மீன் இணைக்கு இதுவே குறைந்தபட்சம் என்பது என் கருத்து. எல்லாம் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு எடை வரும் என்பதால், மேசை அதைத் தாங்குமா, மட்டமாக நிற்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

சிறிய தொட்டியைப் பராமரிப்பது எளிது என்று பலரும் நம்பி இறங்குகிறார்கள். கடல்நீர்த் தொட்டியில் நடப்பது இதற்கு நேர்மாறானது, ஏனெனில் தண்ணீர் குறையக் குறைய, தவறு ஒன்று நேர்ந்தபின் அதைக் கவனித்துச் சரிசெய்ய நமக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. உப்பின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்பது பவளத் திட்டுகளைச் சூழ்ந்த கடல்நீரின் இயல்பு. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. உங்கள் 45 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் 35 என்பது ஏறத்தாழ 36 ஆகும். மூன்று லிட்டர் குறையும்வரை கவனிக்காமல் இருந்தால் 37.5 ஆகும். ஆகவே தொட்டியின் பக்கவாட்டில் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்து, தினமும் காலையில் அந்தக் கோடு வரைக்கும் உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றி நிரப்புங்கள். குறைந்த இடத்தை உப்புநீரால் நிரப்புவதே புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. உப்பை அளக்க, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை விட ஒளி வளைவதைக் கொண்டு உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. 35 அளவுள்ள சோதனைக் கரைசலைக் கொண்டு அவ்வப்போது அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நல்ல தண்ணீர் எது என்பதில்தான் நம் ஊரில் சிக்கல். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. வீட்டு ஆர்.ஓ. கருவியில் வரும் நீர் நல்லதுதான் என்றாலும், பல கருவிகளில் சுவைக்காக வடிகட்டாத நீரில் ஒரு பங்கைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். இன்னும் சில, தாதுக்களைச் சேர்க்கின்றன. இப்போது உடல்நலத்துக்கு என்று தாமிரம் சேர்த்துத் தரும் கருவிகளும் விற்பனையில் உள்ளன. உங்கள் வீட்டில் இருப்பது அந்த வகை என்றால் அதன் தண்ணீரைத் தொட்டிக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவுத் தாமிரமும் இறால், நத்தை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும். கருவியின் சவ்வை விட்டு வெளிவரும் நீரை, வேறு எதுவும் சேரும் முன்பே தனியாகப் பிடித்துத் தருமாறு பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் இணைப்புக் கொடுத்துவிடுவார். நீரில் கரைந்துள்ள பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் பூச்சியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அந்தத் தண்ணீரில் கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடல் உப்பைத் தனி வாளியில் கலந்து, சிறிய பம்பு ஒன்றை ஓடவிட்டு, ஒரு நாள் கழித்து அளந்து பார்த்துப் பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாததால் அது இதற்கு ஈடாகாது. பெசன்ட் நகர் கடல்நீரைப் பொறுத்தவரை, அடையாற்றின் முகத்துவாரம் அருகிலேயே இருக்கிறது. ஆற்றோடு வரும் கழிவு ஒருபுறம் இருக்க, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். விலையில்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை.

பவளக் கல் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாப் பவளத் திட்டுகள் நெடுங்காலம் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டு, 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தவை. அங்கே உடைக்கப்படும் ஒரு கல்லோடு அதில் ஒண்டியிருக்கும் எத்தனையோ உயிர்களும் அழிகின்றன. கடைகளில் கிடைக்கும் நுண்துளைப் பீங்கான் கற்களே உங்கள் தொட்டிக்குப் போதும். நுண்ணுயிர்கள் அவற்றிலும் நன்றாகவே குடியேறும்.

அந்த நுண்ணுயிர்கள் பெருகும்வரை மீன் வாங்கக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தச் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்னீர் அனுபவத்தை வைத்து இதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். கடல்நீரின் பி.எச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) 8.2 அளவில் இருப்பதால், நடுநிலையான நன்னீரில் உள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான அம்மோனியா நச்சு வடிவில் இருக்கும். மீனுக்குப் பதிலாகத் தோல் நீக்கிய சிறு இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டால் நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்கும். சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இறங்கிப் பூச்சியமாகவே நிற்பதைப் பார்த்தபின் தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு மீன் வாங்கலாம்.

சென்னையில் உண்மையான எதிரி வெயில். 25 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டிய தண்ணீர், ஏப்ரல், மே மாதங்களில் மூடிய வீட்டில் 32 டிகிரியைத் தாண்டிவிடும். சூடேறிய உப்புநீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும் என்றாலும், ஈரக்காற்று மிகுந்த நாட்களில் அதன் பலன் சொற்பம். பகலிலும் குளிரூட்டி ஓடும் அறை இல்லையென்றால் தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க வேண்டியிருக்கும், அதன் விலை தொட்டியின் விலையைவிட அதிகம். அந்தச் செலவுக்கு இடமில்லை என்றால் இந்த முயற்சியைத் தள்ளிப்போடுவதே மீன்களுக்குச் செய்யும் நன்மை.

மீன் வாங்கும்போது பண்ணையில் பிறந்த ஒசெல்லாரிஸ் என்ற கோமாளி மீன் வகையைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் வெற்றி கண்டவை என்பதால், கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அளவில் வேறுபட்ட இரண்டு குஞ்சுகளை எடுங்கள். கோமாளி மீன்கள் அனைத்தும் ஆணாகவே வளர்ந்து, இணையில் பெரியது பின்னர் பெண்ணாக மாறும் இயல்புடையவை என்பதால் சண்டை குறையும். கடைக்காரர் உணவு போடும்போது ஓடிவந்து தின்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்தபின் பணம் கொடுங்கள். உடன் சில நத்தைகள், ஓர் இறால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மகள் நீல டேங் மீனையும் கேட்கக்கூடும். ஓரடி வரை வளரும் அந்த மீனுக்கு இந்தத் தொட்டி சிறை.

கடல் சாமந்தி இல்லாமலும் கோமாளி மீன் நலமாக வாழும். பண்ணையில் பிறந்தவை அதைப் பார்த்தே இருக்காது. சாமந்திக்கு வலுவான ஒளியும் நெடுநாள் நிலைபெற்ற தண்ணீரும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து சென்று நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் பம்பில் சிக்கிக் கிழிந்து, இவ்வளவு சிறிய தொட்டியின் தண்ணீர் முழுவதையும் ஓரிரவில் கெடுத்துவிடும்.

வாரம் ஒருமுறை ஐந்து லிட்டர் தண்ணீரை, உப்பும் வெப்பமும் ஒத்த புதிய நீரால் மாற்றுங்கள். மின்சாரம் தடைப்பட்டால் தானாக இயங்கும் பேட்டரி ஏர் பம்பு ஒன்றை முதல் மீன் வருவதற்கு முன்பே வாங்கி மாட்டிவிடுங்கள். மீன்கள் துள்ளி வெளியே விழாதபடி மேலே வலை மூடி போடுங்கள். கண்ணாடி மூடி வெப்பத்தைத் தேக்கும்.