எடையை இழுக்காத கணவன்

அன்புள்ள சார்,

பழக்கத்துக்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கி வருகிறேன். வேலை முடிந்து வந்த மனைவி, சோபாவில் சாய்ந்திருக்கும் கணவனிடம் 'யூ டோன்ட் புல் யுவர் வெயிட்' என்கிறாள். 'நீ உன் எடையை இழுப்பதில்லை' என்று எழுதினேன். படித்த என் தங்கை, "அவன் ரொம்ப குண்டாக்கா?" என்று கேட்டாள். சரி என்று, 'நீ குடும்பப் பாரத்தைச் சுமப்பதில்லை' என மாற்றினேன். ஆனால் கதையில் அவன்தான் அதிகம் சம்பாதிக்கிறான். இதற்கு என்னதான் பொருள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தங்கை கேட்டது தப்பான கேள்வி இல்லை. அந்தத் தொடரில் இருப்பது உடம்பின் எடையேதான்.

துடுப்புப் படகுப் போட்டியிலிருந்து வந்த பேச்சு இது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1829இல் தொடங்கி இன்றும் தேம்ஸ் நதியில் மோதுகின்றனவே, அந்த மாதிரிப் படகு. எட்டுப் பேர் துடுப்பு வலிப்பார்கள், ஒருவர் திசை பார்ப்பார். சர்வதேச விதிப்படி அந்தப் படகு 96 கிலோ இருந்தால் போதும். ஏறுகிற ஆண்களோ ஆளுக்கு 90 கிலோவை ஒட்டி இருப்பார்கள். ஆக, படகைவிட ஆட்கள்தான் சுமை. ஏறி உட்கார்ந்தவன் குறைந்தபட்சம் தன் உடம்பை நகர்த்தும் அளவுக்காவது துடுப்பு வலிக்க வேண்டும். இல்லையென்றால் மற்ற ஏழு பேரும் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த எரிச்சல்தான் இந்தத் தொடர்.

திசை பார்ப்பவர் துடுப்பைத் தொடுவதே இல்லை. அவர் 55 கிலோவுக்குக் குறைந்தால், குறைகிற எடையைப் படகில் தனியாக வைத்து ஈடுகட்டவும் செய்வார்கள். ஆனாலும் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அவருக்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்கிறார். உங்கள் கதையின் கணவன் ஆபீஸ் படகில் நன்றாகவே வலிக்கிறான். மனைவி பேசுவது வீடு என்கிற படகைப் பற்றி. அதனால்தான் 'குடும்பப் பாரம்' பொருந்தவில்லை. தமிழில் அப்படிச் சொன்னதும் சம்பாத்தியம் வந்து நின்றுவிடுகிறது.

இந்தத் தொடரைப் புகழ்ச்சியாகவும் சொல்வது உண்டு. நல்ல குடிமகனுக்கு முதல் தகுதி தன் எடையை இழுக்கும் திறனும் மனமும்தான் என்று அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1902இல் நியூயார்க்கில் பேசினார். ஆனால் அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலும் 'இல்லை'யோடு சேர்ந்துதான் வருகிறது. ஒழுங்காக வேலை செய்கிறவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

கூட்டத்தில் கை தளர்வதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்க வைத்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்குக் கிடைத்த பலம் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். எல்லாம் சோம்பல் இல்லை, ஒரே நேரத்தில் இழுக்கத் தவறுவதும் ஒரு காரணம். தேர்வடம் பிடித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வடத்தை வெறுமனே தொட்டுக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன்.

ஒன்று கவனியுங்கள்: 'த்ரோ யுவர் வெயிட் அரவுண்ட்' என்பது வேறு, அது அதிகாரம் காட்டுவது. 'கேரி வெயிட்' என்றால் ஒருவர் சொல்லுக்கு மதிப்பு இருப்பது. மூன்றையும் குழப்பிக்கொண்டால் கதை கந்தல்.

தமிழுக்கு வருவோம். ஆபீஸ் காட்சியாக இருந்தால் 'ஓபி அடிக்கிறான்' என்று யோசிக்காமல் போட்டுவிடலாம். 'நோகாமல் நுங்கு தின்கிறான்' இன்னும் காரமானது, ஆனால் அதில் அடுத்தவன் உழைப்பில் லாபம் பார்க்கும் தந்திரம் இருக்கிறது. சோபாக்காரனிடம் அந்தத் தந்திரம் இல்லை, எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நான் எழுதினால், "இந்த வீட்டுல உன் பங்குக்கு நீ என்ன செய்யற?" என்று கேள்வியாக்கிவிடுவேன். எடையும் வேண்டாம், படகும் வேண்டாம்.

அவள் 'நீ' என்பாளா, 'நீங்க' என்பாளா என்பதை மட்டும் ஆங்கிலம் உங்களுக்குச் சொல்லித் தராது. கதை முழுக்க 'நீ' போட்டிருந்தால், இந்த ஒரு வரியில் 'நீங்க' போட்டுப் பாருங்கள். சோபாவில் இருப்பவன் கண்டிப்பாக நிமிர்ந்து உட்காருவான்.