க்னூகேஷில் பழைய பதிவை நகலெடுத்துத் திருத்தினால் கணக்கு குழம்புமா?

க்னூகேஷ் என்ற கணக்கு எழுதும் மென்பொருளில், மாதாமாதம் வரும் ஒரே செலவைத் திரும்பத் திரும்ப எழுதாமல், பழைய பதிவையே எடுத்துத் தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகலெடுத்து மாற்றுங்கள், தாராளமாக. வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு முடித்த பழைய பதிவில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்கு நான்கு பங்காளிகள். இரண்டு பேர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஊரோடு இருப்பவன் நான் என்பதால் பொதுக்கணக்கு என் பொறுப்பு. காவலாள் சம்பளம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், மழைக்கு முன்னால் ஓடு மாற்றும் கூலி என்று எல்லாமே நான்காகப் பிரியும். வங்கிக்கு ஒரு வரி, நால்வர் பெயரில் நான்கு வரி என ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து வரி. இதை மாதம்தோறும் புதிதாக எழுதுவது வீண் வேலை.

காவலாள் சம்பளம் 8,000 ரூபாயிலிருந்து 9,000 ஆனபோதுதான் தப்பு நடந்தது. நகலெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஒப்பிட்டு முடித்த ஏப்ரல் பதிவையே திறந்து, தேதியையும் தொகையையும் மாற்றிவிட்டேன். மென்பொருள் எச்சரித்தது. படிக்காமல் எண்டர் தட்டினேன். ஏப்ரல் சம்பளம் ஜூன் சம்பளமாகிவிட்டது. அடுத்த தடவை வங்கியோடு ஒப்பிட உட்கார்ந்தால், ஆரம்ப இருப்பு 8,000 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. அரை நாள் தேடினேன். அதற்குள் சிங்கப்பூர் அண்ணன் போன் செய்து, "ஏப்ரல் மாசச் சம்பளம் கொடுக்கலையாப்பா?" என்று கேட்டுவிட்டார். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் பொதுப்பணம், எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

எங்கள் அப்பச்சி பேரேடு எழுதிய காலத்தில் அழிக்கவே விடமாட்டார்கள். பற்றில் தப்பாக எழுதினால் அதே தொகையை வரவில் எழுதி நேர் செய்து, அப்புறம் சரியானதைப் புதிதாக எழுத வேண்டும். அழித்த கணக்கை வைத்து ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுக்க முடியாது என்பார்கள். க்னூகேஷிலும் அதற்கு வழி இருக்கிறது: ட்ரான்சாக்‌ஷன் மெனுவில் 'ஆட் ரிவர்சிங் ட்ரான்சாக்‌ஷன்'. அது எதிர்ப்பதிவைத் தானே போட்டுவிடும். நேற்று எழுதிய, இன்னும் ஒப்பிடாத பதிவு என்றால் நேரடியாகத் திருத்துவதில் தவறே இல்லை.

நகலுக்கு அதே மெனுவில் 'டூப்ளிகேட் ட்ரான்சாக்‌ஷன்'. முதலில் தேதி கேட்கும். இன்றைய தேதி வேண்டுமானால் தேதிக் கட்டத்தில் 'டி' எழுத்தைத் தட்டினால் போதும். பிறகு தொகை. இங்கேதான் பலரும் தவறுவார்கள். இரண்டே வரி உள்ள பதிவில் ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கம் தானாக மாறிவிடும். எங்களுடையது போலப் பல வரிகள் இருந்தால் அப்படி நடக்காது. வங்கி வரியை மட்டும் 9,000 ஆக்கிவிட்டு, நால்வர் வரியில் பழைய 2,000 என்பதை அப்படியே விட்டால், மிச்சம் 1,000 ரூபாய், சமப்படாத தொகைக்கான 'இம்பேலன்ஸ்' என்ற கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வரியையும் திறந்து 2,250 என்று மாற்ற வேண்டும். குறிப்பில் "ஏப்ரல்" என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். நாலு மாதம் கழித்துத் தேடும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

தொகை மாறவே மாறாத செலவுக்கு நகல்கூட வேண்டாம், குறித்த தேதியில் தானே பதிவாகும் 'ஷெட்யூல்ட் ட்ரான்சாக்‌ஷன்' போட்டுவிடுங்கள். கரண்ட் பில்லுக்கு நகல்தான் வசதி.

இன்னொன்று, இதை இன்றே செய்யுங்கள். ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் போனால், இத்தனை நாளுக்கு முந்தைய பதிவுகளைத் திருத்த முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறது. நான் 60 நாள் வைத்திருக்கிறேன். நீங்கள் வங்கியோடு எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒப்பிடுகிறீர்களோ, அதைவிடக் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.