பழைய மிட்ஜெட்டுக்கு எந்த இன்ஜின்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1967 எம்ஜி மிட்ஜெட் இருக்கிறது, சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1275 சிசி. நீலமாகப் புகை விடுகிறது, வண்டி சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் முள் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 2 லிட்டர் இன்ஜின் ஒன்றை ஏற்று என்கிறான் நண்பன். மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின்தான் சரி என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன, ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டு மட்டும் குறைவாக இருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ரிங்கும் பேரிங்கும் முடிந்துவிட்ட மாதிரிதான் தெரிகிறது. அது இன்ஜினுக்குச் சாவு இல்லை. போரிங் செய்து பெரிய பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். உங்கள் காரில் இருக்கும் இந்த ஏ-சீரிஸ் இன்ஜின் 1951ல் 803 சிசியாக வந்து 2000 வரை உற்பத்தியில் இருந்த குடும்பம், பாகம் கிடைக்காமல் தவிக்க வேண்டியதில்லை.

வேகம் போதவில்லை என்பதுதான் உண்மையான குறை என்றால் அது வேறு பேச்சு. அப்போதும் குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கார் சுமார் 700 கிலோ, இன்ஜின் 65 குதிரைத்திறன். எம்எக்ஸ்-5ன் முதல் 1.6 இன்ஜின் 115 குதிரைத்திறன் அளவுக்குக் கொடுக்கும். அதை ஏற்றிய உங்கள் காருக்கு ஈடாக 1300 கிலோ எடையுள்ள கார் ஓட வேண்டுமானால் 210க்கு மேல் வேண்டும்! இவ்வளவு லேசான வண்டிக்குக் கொஞ்சம் கூட்டினாலே நிறைய. நண்பர் சொல்கிற 2 லிட்டரைப் போட்டால் முதலில் முறிவது பின் அச்சின் ஹாஃப்ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு), அது மிட்ஜெட்டில் தெரிந்த பலவீனம். அதை மாற்றினால் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள கியர் தொகுதி), அடுத்து பிரேக், ரேடியேட்டர், ஸ்பிரிங் என்று வேலை நீண்டுகொண்டே போகும். மூக்கில் எடை கூடினால், வளைவில் திருப்பியதும் திரும்புகிற அந்தச் சுறுசுறுப்பும் போய்விடும். இந்தக் காரை நாம் விரும்புவதே அதற்காகத்தானே.

எம்எக்ஸ்-5 யோசனையில் நியாயம் இருக்கிறது. இன்ஜின் நீளவாக்கில் உட்காருவது, பின் சக்கர இயக்கம், அஞ்சு கியர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அந்த கியர்பாக்ஸுக்குக் கீழே தனி மவுண்ட் கிடையாது. டிஃபரன்ஷியல் வரை போகிற ஒரு நீளமான சட்டம்தான் அதைத் தாங்குகிறது. உங்கள் காரில் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லாததால் மவுண்டை நீங்களே செய்ய வேண்டும், கியர்பாக்ஸ் உட்காரும் குறுகலான டனலையும் வெட்டி அகலப்படுத்த வேண்டும். டொயோட்டா 4ஏ-ஜிஇயும் நல்ல தேர்வு. 1587 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு), 16 வால்வு, பின் சக்கர இயக்கம் கொண்ட டொயோட்டா ஏஇ86 காரில் நீளவாக்கில் வந்தது, அதன் டி50 கியர்பாக்ஸோடு சேர்த்து எடுத்தால் தலைவலி குறைவு. முழுக்க அலுமினியத்தில் வேண்டும் என்றால் 1996 லோட்டஸ் எலிஸில் இருந்த ரோவர் கே-சீரிஸ். லேசானது, அருமையாகச் சுற்றும், ஆனால் ஹெட் கேஸ்கெட் விஷயத்தில் பேர் கெட்டது. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டு, தண்ணீர் அளவை விடாமல் கவனிக்கிறவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

நானாக இருந்தால் 1275ஐயே பிரித்துக் கட்டுவேன். நல்ல கேம்ஷாஃப்ட், ஹெட்டில் கொஞ்சம் வேலை, 80 - 90 குதிரைத்திறன் போதும். நாலு சிலிண்டருக்கு இன்லெட் துளை ரெண்டே ரெண்டுதான் என்பதால் அதற்கு மேல் மூச்சு வாங்கவைப்பதற்குச் செலவு அதிகம், பலன் குறைவு. மிச்சப் பணத்தை ஃபோர்டு டைப் 9 அஞ்சு கியர் பாக்ஸில் போடுங்கள், மிட்ஜெட்டுக்கு என்றே பெல்ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) செய்து விற்கிறார்கள். கணக்கு இது: உங்கள் 4.22 டிஃபரன்ஷியலில், டயர் ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர் உருண்டால், நாலாவது கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு இன்ஜின் நிமிடத்துக்கு 4100 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். அஞ்சாவது கியர் 0.82 என்றால் 3400தான். காதுக்கும் நிம்மதி, இன்ஜினுக்கும் நிம்மதி. முதல் கியரிலும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடைக்கும், உங்கள் பழைய பாக்ஸில் அது இல்லை.

கேள்வி: முன் சக்கர இயக்கக் கார் ஒன்றின் இன்ஜின் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் பொருத்தும் வழியைப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். நான் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். இறக்கிப் பார்த்தால் ஆயில் சம்பின் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆழமான பகுதி நேராக முன் கிராஸ்மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தது. சம்பை வெட்டி ஒட்டி, ஆயில் உறிஞ்சும் குழாயையும் மாற்றி முடிக்க மூன்று மாதம் போனது. அதனால் முதலில் டேப்பை எடுங்கள். சம்பின் ஆழம் முன்னாலா பின்னாலா, எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம், அந்தப் பக்கம்தான் ஸ்டீயரிங் தண்டும் போகிறதா, ஸ்டார்ட்டர் எங்கே முட்டும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறுக்குவாக்கு இன்ஜின்களில் தண்ணீர்க் குழாயும் தெர்மோஸ்டாட்டும் பல சமயம் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் இருக்கும், நீளவாக்கில் திருப்பினால் அது ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) போய் இடிக்கும். பழைய ஹோண்டா பி-சீரிஸ் எதிர்த் திசையில் சுற்றுகிற இன்ஜின், அதைச் சாதாரணப் பின் சக்கர கியர்பாக்ஸில் பூட்டினால் முதல் கியரில் கார் பின்னால் போகும்.

அட்டைப் பெட்டியை வெட்டி அதே அளவில் ஒரு பொம்மை இன்ஜின் செய்து இறக்கிப் பாருங்கள். நிஜ இன்ஜின் வந்த பிறகு அதன் உச்சியில் நாலு இடத்தில் களிமண் உருண்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய உருண்டையின் உயரம்தான் உங்களுக்கு இருக்கிற இடைவெளி. ரப்பர் மவுண்டில் இன்ஜின் ஆடும் என்பதால் 2 செ.மீ.க்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி வராது. பதிவு, இன்ஜின் எண், புகை விதி ஆகியவற்றைப் பற்றி இன்ஜினை வாங்குவதற்கு முன்பே உங்கள் அதிகாரிகளிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சுசுகி ஹயபூசா பைக் இன்ஜின் போடலாமா? எடையே இல்லையே!

பதில்: 500 கிலோ டிராக் கார் என்றால் சரி, தாராளமாகப் போடலாம். சாலையில் ஓட்ட வேண்டாம் என்பேன். ரிவர்ஸ் கியர் கிடையாது, தனியாகச் செய்ய வேண்டும். கிளட்சும் பைக்கின் எடைக்குச் செய்தது, மூன்று மடங்கு எடையை மேட்டில் நகர்த்தினால் சீக்கிரம் எரியும். பைக் வளைவில் சாய்கிறது, கார் சாயாது, அதனால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்பு காற்றை இழுக்கும். தடுப்புத் தகடு வைத்த சம்ப் இல்லாமல் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

கேள்வி: இன்ஜெக்‌ஷன் இன்ஜினை அப்படியே வைக்கவா, கார்புரேட்டருக்கு மாற்றவா?

பதில்: இன்ஜெக்‌ஷனையே வையுங்கள், ஆனால் பெட்ரோல் லைன் முழுவதையும் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ போதும், இன்ஜெக்‌ஷனுக்கு 40க்கு மேல். பழைய ரப்பர் குழாயில் அந்த அழுத்தம் கொடுப்பது தீயை விலைக்கு வாங்குவது. டேங்கில் தடுப்பு இல்லாவிட்டால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி இன்ஜின் விக்கும், நடுவில் ஒரு சின்ன ஸ்விர்ல் பாட் (எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும் குட்டித் தொட்டி) வையுங்கள். இமொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் கிளம்பவிடாத பூட்டு) உள்ள இன்ஜின் என்றால் ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், சாவி, அதைப் படிக்கும் வளையம் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒயரிங்கை யாரும் வெட்டுவதற்கு முன் முழுசாக வாங்கிவிடுங்கள்.

அப்புறம், எர்த் பட்டையை மறக்காதீர்கள். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தடிமனான பட்டை இல்லையென்றால், ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பும், பெரும்பாலும் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாக. சாவியைத் திருப்பும்போது கேபிள் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.