பட்டறைக் கேள்வி பதில்: வீட்டில் வார்க்கும் என்ஜின் மவுண்ட்

கேள்வி: ஐயா, என் பழைய காருக்கு என்ஜின் மவுண்ட் (என்ஜினைப் பாடியோடு பிடித்துவைக்கும் ரப்பர் தாங்கி) தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். தேடிப் பிடித்த பழைய சரக்கிலும் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது. ரப்பர் போல் இறுகும் பாலியூரித்தேன் வாங்கி வீட்டிலேயே வார்த்து மாட்டலாமா?

பதில்: தாராளமாக. உதிரிபாகம் நின்றுபோன வண்டிகளுக்கு நான் வார்த்துக் கொடுத்த மவுண்டுகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் எந்த மவுண்டை வார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பக்க மவுண்டுகள்தான் என்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் எடையையும் சுமக்கும். கீழே இருக்கும் டார்க் ராடு எடை சுமப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் என்ஜின் முன்னும் பின்னும் புரளாமல் பிடிப்பது அதன் வேலை. கிளட்ச் விடும்போது அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம், முதல் கியரில் வண்டி குதித்துக் குதித்துப் போவது, இரண்டும் இருந்தால் முதலில் அந்த ராடின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். வார்த்துப் பழகுவதற்கும் அதுவே சரியான இடம். வட்டமான கூடு, நடுவில் ஸ்லீவ் (போல்ட் நுழையும் இரும்புக் குழாய்), அவ்வளவுதான். வார்ப்பு கிழிந்தே போனாலும் என்ஜின் கீழே இறங்காது.

பக்க மவுண்ட் என்றால், ஸ்லீவைச் சுற்றி நாலாபுறமும் இரும்புக் கூடு உள்ள வகையை மட்டும் தொடுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவில் ரப்பரை ஒட்டி, வேறு பிடிப்பே இல்லாத வகையும் உண்டு. அதை வீட்டில் வார்க்காதீர்கள். ஒட்டு விட்டுப்போனால் என்ஜினைப் பிடித்துக்கொள்ள அங்கே வேறு எதுவும் இல்லை.

கேள்வி: ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண்) 60, 80, 95 என்று பல கடினத்தில் கிடைக்கிறது. கடினமாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று 95 வாங்க நினைக்கிறேன்.

பதில்: வேண்டாம் தம்பி. மவுண்ட் என்ஜினைப் பிடிக்க வேண்டும். அதே நேரம் அதன் அதிர்வு பாடிக்குப் போகாமல் தடுக்கவும் வேண்டும். 95 போட்டால் இரண்டாவது வேலை அடியோடு போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. அப்படியானால் நொடிக்குச் சுமார் 27 உதைகள். மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினுக்கென்று சொந்தமாக ஓர் ஆட்ட வேகம், அதாவது நொடிக்கு இத்தனை முறை ஆடும் என்ற கணக்கு, உண்டு. அது 27-ஐ 1.41-ஆல் வகுத்தால் வருகிற 19-க்குக் கீழே இருந்தால்தான் மவுண்ட் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். மேலே போனால் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிக் கொடுக்கும். மவுண்டின் விறைப்பை நான்கு மடங்காக்கினால் அந்த ஆட்ட வேகம் இரண்டு மடங்காகும். 10-இல் இருந்தது 20-க்குப் போய்விடும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் நடுங்குவது இதனால்தான். மூன்று சிலிண்டர் என்ஜினில் அதே 800 சுற்றுக்கு 20 உதைகள்தான் என்பதால் எல்லை 14-க்கு இறங்கிவிடுகிறது. அந்த வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஷோர் எண் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். 60-இலிருந்து 80-க்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தினமும் ஓட்டும் வண்டிக்குப் பக்க மவுண்டில் 60, டார்க் ராடில் 80 என்பது என் வழக்கம். 95-ஐப் பந்தய வண்டிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

பழைய ரப்பரில் வெற்றிடங்கள் இருக்குமே, அவற்றை வார்ப்பிலும் அதே இடத்தில் விடுங்கள். மெழுகு தடவிய கம்பிகளையோ குழாய்த் துண்டுகளையோ நிறுத்திவிட்டு ஊற்றி, இறுகியதும் உருவிவிடலாம். இந்த வகை ரப்பர் அமுங்கிச் சிறுப்பதில்லை, பக்கவாட்டில் பிதுங்கத்தான் செய்யும். பிதுங்க இடம் இல்லாவிட்டால் 60 போட்டும் கல் மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: கார் கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசையைப் பழைய மவுண்டின் ஓட்டைகளில் நிரப்பினால் போதும் என்கிறாரே எங்கள் மெக்கானிக் அண்ணன்?

பதில்: டார்க் ராடுக்கு ஓரளவு போதும். ஆனால் அந்தப் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். தடிமனாக அப்பினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே பல நாள் களிமண்ணாகவே கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கும் இறுக விட்டு நிரப்பச் சொல்லுங்கள். கூட்டிலிருந்து ஏற்கெனவே கழன்றுவிட்ட ரப்பரை இது காப்பாற்றாது.

கேள்வி: இரண்டு பாகக் கலவை வாங்கி வார்த்தேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு போல் குமிழி. ஏன்?

பதில்: ஈரம். கலவையின் ஒரு பாகத்தில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு வாயு வரும். மெத்தைக்கான நுரையே இந்த வினையில்தான் உப்புகிறது. உங்களுக்கு ஈரம் எங்கிருந்து வந்திருக்கும்? மரக்குச்சியால் கலக்கியிருப்பீர்கள், அல்லது அச்சின் கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி அளந்திருப்பீர்கள், அல்லது டப்பாவைத் திறந்தே வைத்திருப்பீர்கள். கலக்கப் பிளாஸ்டிக்கோ உலோகமோ எடுங்கள். கூட்டையும் ஸ்லீவையும் லேசாகச் சூடேற்றி உலர்த்துங்கள்.

விகிதத்தை எடை போட்டுப் பாருங்கள், கண்ணால் வேண்டாம். விகிதம் தவறினால் ஒன்று பிசுபிசுப்பு போகாது, அல்லது வார்ப்புக்குப் பலம் இருக்காது. சுவரையும் அடியையும் வழித்துக் கலக்கி, வேறு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். வெற்றிடப் பம்பு இருந்தால் கலவையை அதில் வைத்துக் காற்றை எடுக்கலாம். பொங்கி எழும் என்பதால் கிண்ணம் பெரிதாக இருக்கட்டும். பம்பு இல்லாதவர்கள் அச்சின் ஒரே மூலையில், நூல் போல் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பெரும்பாலான கலவைகள் ஒரு நாளில் அச்சிலிருந்து எடுக்கிற அளவுக்கு இறுகும். முழுப் பலம் வர அறை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குமுன் வண்டியில் மாட்டாதீர்கள்.

கேள்வி: இந்தக் கலவையில் வாசனையே இல்லை. அப்புறம் எதற்கு முகமூடி, கையுறை எல்லாம்?

பதில்: வாசனை இல்லை என்பதாலேயே போட வேண்டும். ஐசோசயனேட் மூக்குக்குத் தெரிகிற அளவை எட்டுவதற்கு முன்பே நுரையீரலைப் பாதிக்கும். ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அதன்பின் மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும், அது சாதாரணமாக விடுவதில்லை. துணி முகமூடியால் பயனில்லை. ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி, நைட்ரைல் கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம் எல்லாம் வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அங்கே செய்யவே செய்யாதீர்கள். 'மோக்கா' என்ற ஹார்டனர் சேர்ந்த கலவையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது புற்றுநோய் உண்டாக்கும்.

பழைய ரப்பரை எரித்து எடுப்பதும் வேண்டாம். அந்தப் புகை விஷம். சுற்றிலும் துளைகள் போட்டு, ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிடலாம். பிறகு துருவைத் தேய்த்து, இரும்பைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, பிரைமர் பூசிவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: உள்ளே எண்ணெய் போன்ற திரவம் உள்ள மவுண்டிலும் ஊற்றலாமா?

பதில்: கூடாது. அந்தத் திரவம்தான் அங்கே அதிர்வை அடக்குகிறது. புதிதாகக் கிடைத்தால் அதையே வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: 80-இல் பக்க மவுண்ட், டார்க் ராடு எல்லாம் வார்த்து மாட்டிவிட்டேன். கியர் அருமையாக விழுகிறது. ஆனால் என்ஜின் முன்பைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்கிறது, டேஷ்போர்டும் அதிர்கிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: உயரத்துக்குக் காரணம் ஸ்லீவின் இடம். எடை ஏறாத ரப்பர் மவுண்டில் ஸ்லீவ் நடுவில் இருக்காது. என்ஜின் உட்கார்ந்த பிறகுதான் நடுவுக்கு இறங்கும். கையில் இருந்த மவுண்டைப் பார்த்து அதே இடத்தில் வைத்து வார்த்திருப்பீர்கள். கடினமான வார்ப்பு அவ்வளவு இறங்காது. என்ஜின் எடை ஏறிய நிலையில் ஸ்லீவ் எங்கே நிற்கிறது என்று வண்டியிலேயே அளந்து, அதற்குச் சற்று மேலே வைத்து ஊற்ற வேண்டும். உயரம் மாறினால் ஆக்ஸில் கோணமும் சைலன்சர் குழாயும் இழுபடும் என்பதால் இதை அப்படியே விடாதீர்கள்.

அதிர்வுக்கு, எல்லா மவுண்ட் போல்ட்டையும் தளர்த்துங்கள். என்ஜினை ஐடிலிங்கில் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, அது தானாக உட்கார்ந்த இடத்திலேயே முறுக்குங்கள். சைலன்சர் குழாய் பாடியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் பக்க மவுண்டை மட்டும் 60-இல், வெற்றிடம் விட்டு மறுபடி வார்த்துவிடுங்கள். டார்க் ராடு 80-ஆகவே இருக்கட்டும். கியர் நன்றாக விழுவதில் பெரும் பங்கு அதனுடையது.