மலையகத்தில் இருந்துகொண்டு ஏன் உருவமே இல்லாத நிலக்காட்சி வரைய வேண்டும்?

உங்கள் தம்பி இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்ட ஊரான ஹப்புத்தளையில் இருந்துகொண்டு, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களையும் அருவியையும் விட்டுவிட்டு வெறும் நிறங்களாக வரைகிறார், இதை யார் வாங்குவார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை வருமானத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் ஒரு பிள்ளை ஓவியனாவேன் என்றால் அந்தக் கவலை நியாயமானதே.

நானும் அந்தப் பக்கத்துக்காரன். மதியம் திரும்பியதும் தெற்குத் தாழ்நிலத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். லயம் மறையும், மரங்கள் மறையும், எதிர்மலையும் போய்விடும். மிஞ்சும் சாம்பலும் பச்சையும்தான் நாங்கள் அன்றாடம் பார்க்கும் மலை. அதை வரைந்தால் புரியவில்லை என்கிறார்கள். கூடையோடு சிரிக்கும் பெண்ணை வரைந்தால் உடனே மலையகம் என்கிறார்கள். என் அம்மா அப்படிச் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுத்ததை நான் பார்த்ததே இல்லை.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு இரவில் மழை பிடித்தால் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பயத்துக்கு எந்த முகத்தை வரைவது? செம்மண் நிறத்தை மேலிருந்து கீழே இழுத்தேன், அவ்வளவுதான் வந்தது.

இன்னொரு படம் முழுக்கச் சாம்பல் கோடுகள். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளின் கிளைகளைத் தறித்துவிட்ட மலையை நினைத்து வரைந்தது. யாருக்கும் நான் விளக்கம் சொல்லவில்லை. அப்பா நெடுநாள் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். கிட்டே வந்து கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெட்டு செடியின் நடுப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சரி என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். படித்தவர்களுக்கு மட்டுமான கலை இது என்பவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

மேல்நாட்டு மோகம் என்றும் சிலர் எழுதுவார்கள். 1943இல் கொழும்பில் உருவான '43 குழு' என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கிளாசன் அரூப ஓவியங்கள் வரைந்தவர். இந்த நாட்டில் இது நேற்று முளைத்ததல்ல.

உண்மையான கஷ்டம் வேறு. படங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக ரயிலில் முன்பதிவு இருக்கை கிடைப்பதில்லை. எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கே போய்விடுகிறது. எங்கள் ஊர் ரயிலில் நாங்கள் கழிவறைக் கதவோரம் படச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இதைக் கேட்க யாரும் இல்லை.

தம்பியைத் தடுக்காதீர்கள். பனிக்காலத்தில் எண்ணெய் வர்ணம் லேசில் காயாது. முடிந்தால் அவருக்குச் சீக்கிரம் காயும் அக்ரிலிக் வர்ணம் வாங்கிக் கொடுங்கள்.