மறு: திடீர்க் காற்றில் தனியாகப் போனால் படகு கவிழ்ந்துவிடுகிறது

பாய்மரப் படகு மூன்று முறை கவிழ்ந்தது, மூன்று முறையும் பாய்க்கயிறு (பாயை இழுக்கவும் தளர்த்தவும் உள்ள கயிறு) கிளீட்டில், அதாவது கயிற்றை நகராமல் பிடிக்கும் கவ்வியில், மாட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். இப்படிப்பட்ட நாளில் அந்தக் கயிறு கையில்தான் இருக்க வேண்டும். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகக் காற்று 14 ஆனாலே பாயின் மேல் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்; நீங்கள் உடம்பை வெளியே சாய்ப்பதற்குள் படகு படுத்துவிடும். முதலில் ஒரு முழம் கயிறு விடுங்கள், அப்புறம் சாயுங்கள், படகு நிமிர்ந்ததும் இழுத்துக்கொள்ளுங்கள்.

காற்று வரும் திசையில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருங்கள். கருத்த திட்டு ஒன்று, சிற்றலை சிலிர்த்தபடி உங்களை நோக்கி நகர்ந்து வரும். அது படகைத் தொடும்போதே கயிறு தளரட்டும்.

பூமை (பாயின் அடிப்பக்கம் இருக்கும் கட்டை) மேலே எழாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிறு இறுக்கமாக இருக்கிறதா? தளர்ந்திருந்தால் பாய்க்கயிற்றை விட்டதும் பூம் மேலே எழும்பி, பாய் உப்பிக்கொள்ளும். பாயைச் சுருக்க வசதி இருந்தால் கரையிலேயே சுருக்கிவிடுங்கள், தனி ஆளாகத் தண்ணீரில் அது பெரும்பாடு.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கயிற்றை முழுக்க விட்டு, முகப்பைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிய பிறகே சென்டர்போர்டில் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) ஏறி நிமிர்த்துங்கள். நான் ஒருமுறை கயிற்றை விடாமல் நிமிர்த்த, பாயில் காற்று பிடித்து மறுபக்கமாக என் மேலேயே கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட்தான் காப்பாற்றியது. அது இல்லாமல் தயவுசெய்து இறங்காதீர்கள்.